சிஸ்டர், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!

கார்த்திகைக்கு முன்னால் விருத்தாசலம் பக்கம் போக நேர்ந்தால், பீங்கான் தொழிற்பேட்டைக்குள் ஒரு தடவை நுழைந்து பாருங்கள். பழமலைநாதரைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இதைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளை பியூஸ் கேரியரும், கொலுவில் கடைசிப் படியில் நிற்கும் கட்டைவிரல் அளவு வாத்தும் இந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம்.

அகல் வாங்கப் போன இடத்தில்தான் அந்த நோட்டைப் பார்த்தேன். சின்ன யூனிட். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்துப் பிசிறை அம்மா கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு மகள். வெளியூரில் பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருஷம், லீவுக்கு வந்திருக்கிறாள். மடியில் நோட்டு. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை.

"என்னம்மா மனப்பாடம் பண்றே?"

"லீடர்ஷிப் சார். பத்து மார்க் கொஸ்டின்."

வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. தலைவருக்கு இருக்க வேண்டிய குணங்கள் பதினைந்து. தலைமையின் வகைகள் மூன்று: ஆட்டோகிராட்டிக், டெமாக்ரட்டிக், லெஸே ஃபேர். ஒவ்வொன்றுக்கும் நன்மை ஐந்து, தீமை ஐந்து. கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு முக்கோணம். உச்சியில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், அடியில் ஸ்டூடண்ட் நர்ஸ்.

சும்மா கேட்டுவைத்தேன். "வார்டுல டாக்டர் டோஸை டபுளா எழுதிட்டார்னு வெச்சுக்கோ. நீ என்ன பண்ணுவே?"

"திருப்பிக் கேப்பேன் சார்" என்றாள் உடனே. அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "எக்ஸாம்ல அப்படித்தான் எழுதணும்."

இந்த வாரம் முழுக்க அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

முதலில் பாடத்திட்டத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தைத் திருத்தி செமஸ்டர் முறைக்குக் கொண்டுவந்தது. முன்பு நாலாம் வருஷத்தில் 'மேனேஜ்மென்ட்' என்று இருந்த பாடம் ஆறாவது செமஸ்டருக்கு நகர்ந்து, பெயரிலேயே 'லீடர்ஷிப்'பைச் சேர்த்துக்கொண்டது. வகுப்பில் 60 மணி நேரம், வார்டில் 80 மணி நேரம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் குறை வேறு. ஆறாவது செமஸ்டர் வருவதற்குள் இரண்டரை வருஷம் ஓடிவிடுகிறது. அதற்குள் அந்தப் பெண் என்னவெல்லாம் கற்றுக்கொண்டு விடுகிறாள்? டாக்டர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். ரவுண்ட்ஸில் கடைசி வரிசை. கேட்டால் மட்டும் பதில். சீனியரை எதிர்த்துப் பேசினால் இன்டர்னல் மார்க்கில் தெரியும். இது எதுவும் சிலபஸில் இல்லை. ஆனால் யாரும் அரியர் வைக்காத ஒரே பாடம் இதுதான். இதைக் கரைத்துக் குடித்த பிறகு, 60 மணி நேரம் தலைமைப் பண்பு சொல்லித்தருகிறோம்.

அந்த மூன்று வகை எங்கிருந்து வந்தது தெரியுமோ? 1930களின் கடைசியில் அமெரிக்காவில், அயோவாவில், கர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் பத்து வயசுப் பையன்களைக் குழு குழுவாகச் சேர்த்து முகமூடி செய்யச் சொன்னார்கள். ஒரு தலைவர் அதட்டினார், ஒருவர் கலந்து பேசினார், ஒருவர் எதிலும் தலையிடவில்லை. பையன்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கவனித்து 1939ல் கட்டுரை போட்டார்கள். நல்ல ஆராய்ச்சிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும் பேஷண்ட் பக்கத்தில் தனியாக நிற்கிற இருபத்தோரு வயசுப் பெண்ணுக்கு, முகமூடி செய்த பையன்கள் எவ்வளவு தூரம் துணைக்கு வருவார்கள்?

அவளுக்கு வேண்டிய ஆராய்ச்சி வேறொன்று இருக்கிறது. 1966ல் அமெரிக்க மனநல மருத்துவர் சார்ல்ஸ் ஹாஃப்லிங் வெளியிட்டது. கேட்டால் கொஞ்சம் கிலியாக இருக்கும்.

ஆஸ்பத்திரி வார்டு. ராத்திரி டியூட்டியில் ஒரு நர்ஸ். போன் அடிக்கிறது. முன்பின் கேட்டிராத குரல் ஒரு டாக்டர் பெயரைச் சொல்லி, "இன்ன பேஷண்ட்டுக்கு ஆஸ்ட்ரோடென் 20 மில்லிகிராம் உடனே கொடுங்கள், பத்து நிமிஷத்தில் வந்து கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறது. மருந்து டப்பாவின் மேலேயே அதிகபட்ச டோஸ் 10 என்று அச்சடித்திருக்கிறது. போனில் ஆர்டர் வாங்கக் கூடாது என்பது விதி. மருந்து அந்த வார்டின் பட்டியலிலேயே இல்லை. இப்படிப் போன் போன நர்ஸுகள் 22 பேர். அதில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு பேஷண்ட்டை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே தடுத்து நிறுத்திவிட்டார்கள். டப்பாவில் இருந்தது வெறும் சர்க்கரை என்பதால் தடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

இதன் இரண்டாவது பாதிதான் முக்கியம். இதே நிலைமையைப் பேப்பரில் எழுதி, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று வேறு நர்ஸுகளையும் நர்சிங் மாணவிகளையும் கேட்டார்கள். அனுபவமுள்ள நர்ஸுகள் 12 பேரில் 10 பேர் கொடுக்கமாட்டோம் என்றார்கள். மாணவிகள் 21 பேர். 21 பேருமே கொடுக்கமாட்டோம் என்றார்கள்.

பேப்பரில் நூற்றுக்கு நூறு. வார்டில் 22க்கு ஒன்று. விருத்தாசலத்துப் பெண் சிரித்ததற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் அந்த நர்ஸுகளுக்கு நியாயம் செய்ததாகாது. 1977ல் ராங்க், ஜேக்கப்சன் என்று இருவர் இதே சோதனையைச் சின்ன மாற்றத்தோடு செய்து பார்த்தார்கள். மருந்து, எல்லோருக்கும் பழக்கமான வேலியம். பக்கத்தில் இன்னொரு நர்ஸிடம் கலந்து பேசவும் வசதி உண்டு. இந்த முறை அதிக டோஸ் கொடுக்கத் தயாரானவர்கள் 18 பேரில் 2 பேர்தான். அப்படியென்றால் தைரியம் என்பது அந்தப் பதினைந்து குணங்களில் ஒன்றாகப் பிறக்கும்போதே கூட வருவதில்லை. கையிலிருக்கும் மருந்தைப் பற்றித் தெரிந்திருந்தால் வருகிறது. "ஏய், இது சரியா இருக்கா பாரு" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருந்தால் வருகிறது. வரவழைக்கக் கூடிய சமாச்சாரம்.

நோட்டுப் புத்தகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நர்ஸ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது பாடப்புத்தகம் அல்லவே, சினிமா!

தமிழ் சினிமாவில் நர்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டு வேலை. கையில் ட்ரேயுடன் காரிடாரில் ஓடுவது. காமெடியனுக்குப் பெரிய ஊசி போடுவது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஏறக்குறைய முழுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் அருமையான படம். அதிலும் தியாகம் செய்யும் உரிமை டாக்டருக்கும், நோயாளிக்கும், நோயாளியின் மனைவிக்கும்தான்.

நர்ஸையே நாயகியாக்கிய படம் வேண்டுமென்றால் வங்காளத்துக்குப் போக வேண்டும். அஷுதோஷ் முகர்ஜியின் கதையை இயக்குநர் அசித் சென் 1959ல் 'தீப் ஜ்வேலே ஜாய்' என்று எடுத்தார். நாயகி சுசித்ரா சென். பத்து வருஷம் கழித்து அவரே அதை இந்தியில் 'காமோஷி'யாக எடுத்தார். நர்ஸ் ராதாவாக வஹீதா ரஹ்மான். கறுப்பு வெள்ளையில் வஹீதாவின் முகத்தையும் ஹேமந்த் குமாரின் இசையையும் நினைத்தாலே நம் தலைமுறைக்குத் தொண்டை அடைக்கும். கொஞ்சம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கதையை மட்டும் பார்ப்போம்.

காதல் தோல்வியில் மனம் பேதலித்தவர்களைக் குணப்படுத்த சீனியர் டாக்டருக்கு ஒரு யோசனை. நர்ஸ் அந்த நோயாளியைக் காதலிப்பதுபோல் நடிக்க வேண்டும். ராதா செய்கிறாள், நோயாளி குணமாகிப் போய் வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். ராதாவுக்கோ அது நடிப்பாக இருக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது நோயாளி வருகிறான். மறுபடியும் நீதான் என்கிறார் டாக்டர். முதலில் மறுக்கிறாள், பிறகு ஒத்துக்கொள்கிறாள். இரண்டாமவனும் குணமாகிறான். ராதாவுக்குப் புத்தி பேதலித்து, தான் வேலை பார்த்த இடத்திலேயே நோயாளியாகிறாள்.

படத்தின் பெயருக்கு அர்த்தம் மௌனம். ராதாவின் மௌனத்தைப் படம் ஓர் அழகான சோகமாகக் காட்டுகிறது. நாமும் கர்ச்சீப் நனைய ரசித்தோம். எனக்கு இப்போது பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. முதல் கேஸிலேயே ஒருத்தி நொறுங்கிப் போயிருக்கிறாள், சிகிச்சைக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டு "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கும் ஒரு கேஸ் மீட்டிங் கூட அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. அவள் 'முடியாது' என்று சொன்னதை மருத்துவக் கருத்தாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பெண்ணின் பலவீனம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நடித்தவரும் எடுத்தவரும் மேதைகள் என்பதால் இந்த விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. 'வெள்ளுடை தேவதை' என்று நர்ஸ் தினத்துக்கு போஸ்டர் அடிக்கிறோமே, அந்தத் தேவதை இவள்தான். தேவதைகள் கேள்வி கேட்பதில்லை, சம்பளமும் கேட்பதில்லை.

சிஸ்டர் என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் 'சிஸ்டர்' என்றால் ஒரு பதவி, அந்த வார்டுக்கே பொறுப்பாளர். இங்கே வந்ததும் ட்ரிப் மாற்ற வருகிற எல்லோரும் சிஸ்டர் ஆகிவிட்டார்கள். பதவி போய் உறவுமுறை மட்டும் தங்கிவிட்டது. மத்திய அரசு ஆஸ்பத்திரிகளில் 2016ல் ஸ்டாஃப் நர்ஸை 'நர்சிங் ஆபீசர்' என்று மாற்றினார்கள். கட்டிலில் படுத்திருக்கிறவர் என்னமோ இன்னமும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்.

இப்போது இன்னொரு படம். தியேட்டரில் ஓடாத படம். 'ஜஸ்ட் எ ரொட்டீன் ஆபரேஷன்' என்று, இங்கிலாந்தில் மருத்துவப் பயிற்சிக்காக எடுத்த குறும்படம். கால் மணி நேரம்கூட இருக்காது. பாட்டு இல்லை, அழுகை இல்லை. மார்ட்டின் பிரோமிலி என்கிற விமான பைலட் கேமராவைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறார். 'காமோஷி'யை விட இது என்னை அதிகம் உலுக்கியது.

2005 மார்ச் 29. அவர் மனைவி எலைன், வயது 37, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சைனஸ் தொல்லைக்காகச் சின்ன ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்கிறது. குழாய் இறக்க முயல்கிறார்கள், இறங்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல. அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணர்கள், காது மூக்கு தொண்டை சர்ஜன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரிந்துகொண்டே போகிறது. இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது, கழுத்தில் துளை போட்டுக் காற்றுக்கு வழி செய்வது. டாக்டர்களோ திரும்பத் திரும்பக் குழாயையே முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தில் மனம் ஒட்டிக்கொண்டுவிட்டால் கடிகாரம் தெரியாது. பரீட்சை ஹாலில் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் புரியும்.

நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் கழுத்தில் துளை போடும் செட்டை எடுத்துவந்து, இதோ இருக்கிறது என்றார். யாரும் திரும்பவில்லை. இன்னொருவர் ஐ.சி.யு.வுக்குப் போன் செய்து பெட் ஏற்பாடு பண்ணிவிட்டு வந்து சொன்னார். 'இதற்கு எதற்கு இவ்வளவு அமர்க்களம்' என்பதுபோல் பார்த்தார்கள் என்று அவருக்குத் தோன்றியது. திரும்பப் போய் பெட்டை ரத்து செய்துவிட்டார். எலைனுக்கு நினைவு திரும்பவே இல்லை, 13 நாள் கழித்து இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது, எப்படி எடுத்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்று நர்ஸுகள் பிறகு விசாரணையில் சொன்னார்கள்.

தெரியும், ஆனால் சொல்லத் தெரியவில்லை. அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் இது இல்லை.

இந்தக் கதையை அந்த யூனிட்டிலேயே சொன்னேன். மகள் பேசாமல் இருந்தாள். அம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

"தெரிஞ்சுமா சொல்லல?" என்றார். "இங்க பாருங்க சார், பொம்மை பச்சையா இருக்கறப்ப கீறல் தெரிஞ்சா திரும்பக் கரைச்சு ஊத்திக்கலாம். சூளைக்குப் போயிட்டு வந்துடுச்சுன்னா குப்பையிலதான் கொட்டணும். அதனால யாரு கண்ணுல படுதோ அவங்க உடனே சொல்லிடணும். நேத்து வேலைக்கு வந்த பொண்ணா இருந்தாலும் சரி."

"முதலாளி ஊத்தினதா இருந்தா?"

"இன்னும் சத்தமா சொல்லுவோம். நஷ்டம் அவருக்குத்தானே!"

தினக்கூலிக்குப் பிசிறு சுரண்டும் அம்மாவுக்கு இருக்கும் உரிமை, பட்டம் வாங்கப்போகும் மகளுக்கு இல்லை. களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுகிற தொழிலில் எல்லோருக்கும் தெரிகிற ஒரு கணக்கு, உயிரோடு விளையாடும் தொழிலில் எப்படித் தெரியாமல் போயிற்று?

மார்ட்டின் பிரோமிலி பைலட் என்றேன் அல்லவா, அதில் விஷயம் இருக்கிறது. 1977 மார்ச் 27ல் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு ஜம்போக்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மோதுவதற்குச் சற்று முன் ஒரு விமானத்தின் இன்ஜினீயர், எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகம் கேட்டிருக்கிறார். கேப்டன் விலகிவிட்டது என்று அடித்துச் சொல்ல, அவர் அதற்கு மேல் பேசவில்லை. இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் விமானக் கம்பெனிகள், ஜூனியருக்குப் பேசவும் கேப்டனுக்குக் காது கொடுக்கவும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தன. பிரோமிலி யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் செய்வதை உங்கள் தொழிலிலும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

இதைச் சொல்லித்தர முடியுமா? முடிகிறது. அமெரிக்காவில் 2006ல் வந்த 'டீம்ஸ்டெப்ஸ்' என்ற பயிற்சியில் மூன்றே படிகள். முதலில், எனக்குக் கவலையா இருக்கு. கேட்கவில்லையா? எனக்கு இது சரியாப் படல. அதற்கும் அசையவில்லையா? இது பேஷண்ட்டுக்கு ஆபத்து, நிறுத்துங்க. சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பதில்லை, ஒவ்வொரு படியாக ஏறுவது. தமிழில் இது இன்னும் சுலபம் என்று நினைக்கிறேன். "நிறுத்துங்க சார்" என்பதில் அந்த 'ங்க' இருக்கிறதே, எச்சரிக்கையையும் மரியாதையையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. நம் ஆட்கள் அதை விட்டுவிட்டு, "வேணும்னா ஒருவாட்டி பார்த்துடலாமா சார்?" என்று எட்டு முழத்துக்குப் பணிவாக ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்குள் மருந்து ஏறிவிடும்.

நர்ஸ் தலைமை ஏற்பதைக் காட்டிய இந்தியப் படமே இல்லையா என்று கேட்டால், மலையாளத்தில் இருக்கிறது. மகேஷ் நாராயணனின் 'டேக் ஆஃப்' (2017). 2014ல் இராக்கின் திக்ரித் நகரில் தீவிரவாதிகளிடம் 46 இந்திய நர்ஸுகள் சிக்கிக்கொண்ட நிஜ சம்பவத்தை வைத்து எடுத்தது. பெரும்பாலோர் கேரளம், ஒருவர் தூத்துக்குடிக்காரர். ஜூலை 5 அன்று கொச்சிக்குப் பத்திரமாக வந்து இறங்கினார்கள். படத்தில் பார்வதி நடித்த சமீரா, தேவதை இல்லை. கடன் இருக்கிறது, விவாகரத்து ஆகியிருக்கிறது, மகன் முறைக்கிறான், எரிந்து விழுகிறாள். ஆனால் குண்டு விழும்போது யார் எங்கே இருக்க வேண்டும், போனில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்கிறாள். முதல் பாதியை நர்சிங் கல்லூரிகளில் போட்டுக் காட்டலாம். கடைசிப் பகுதியில் தூதரக அதிகாரி வந்து படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், சமீரா மறுபடியும் காப்பாற்றப்படுகிற பெண்ணாகிவிடுகிறாள். ஃபஹத் ஃபாசில் நன்றாக நடித்திருக்கிறார் என்பது வேறு விஷயம். அவ்வளவு தூரம் ஒரு நர்ஸை நடத்திக்கொண்டு வந்த படத்துக்குக் கடைசி கிலோமீட்டரில் நம்பிக்கை போய்விட்டதே என்றுதான் எனக்கு வருத்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழிலின் முதல் புத்தகத்திலேயே சரியான பதில் இருக்கிறது. விளக்கோடு நிற்கிற படமாக மட்டும் நமக்குத் தெரிந்த நைட்டிங்கேல், 'நோட்ஸ் ஆன் நர்சிங்'கில் நிர்வாகத்துக்கென்று ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார். 1859ல் எழுதியது. நீங்கள் இருக்கும்போது நடப்பது நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்துவைப்பதுதான் பொறுப்பு என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்கிறவர் அவருடைய கணக்கில் பொறுப்பாளரே இல்லை. நாற்பது கட்டில் வார்டில் ராத்திரி ஒரே நர்ஸ் இருக்கும் இடங்கள் நம்மிடம் நிறைய. ஆயா, வார்டு பாய், பயிற்சி டாக்டர், அழுகிற அண்ணன், குடித்துவிட்டு வந்த மச்சான், ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் விடியும்வரை அவர்தான் நடத்துகிறார். தலைமைப் பயிற்சிக்கு இதைவிடப் பெரிய வகுப்பறை கிடையாது. மாணவியை அந்த வகுப்பறையில் பஞ்சு வெட்ட உட்கார வைத்துவிடுகிறோம்.

வேலூர் சி.எம்.சி.யில் 1909ல் டெலியா ஹௌட்டன் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1946ல் அங்கே பட்டப்படிப்பு வந்தது. அந்த வருஷம் இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய இடங்கள் இரண்டே இரண்டு, டெல்லியும் வேலூரும். வேலூரில் நான் மெச்சுவது ஒரு வழக்கத்தை. பாடம் நடத்தும் ஆசிரியைகளே வார்டிலும் பொறுப்பு வகிக்கிறார்கள். காலையில் வகுப்பில் 'டெலிகேஷன்' சொன்னவர் மத்தியானம் வார்டில் வேலையைப் பிரித்துக்கொடுப்பதை, டாக்டரிடம் மறுத்துப் பேசுவதை, மாணவி பக்கத்தில் நின்று பார்க்கலாம். மற்ற பல இடங்களில் டியூட்டர் காலேஜில், வார்டு ஆஸ்பத்திரியில், நடுவில் பஸ்ஸில் மாணவி.

இதையெல்லாம் ஒரு டாக்டர் நண்பரிடம் சொன்னபோது, "ஆளாளுக்கு நிறுத்துன்னு சொன்னா ஆஸ்பத்திரி நடந்த மாதிரிதான்" என்றார். நியாயமான பயம். அவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். 2001ல் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்கிற டாக்டர், ஐ.சி.யு.வில் பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகும்போது செய்ய வேண்டிய ஐந்து காரியங்களை ஒரு காகிதத்தில் எழுதினார். கை கழுவு, மருந்தால் தோலைத் துடை, உடம்பு முழுக்கப் போர்த்து என்ற மாதிரி அரிச்சுவடி சமாச்சாரம். டாக்டர்கள் செய்கிறார்களா என்று ஒரு மாசம் நர்ஸுகளைக் கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கேஸ்களில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தது. அடுத்த மாசம் நிர்வாகம் ஓர் ஆர்டர் போட்டது. டாக்டர் ஒன்றை விட்டால் நர்ஸ் நிறுத்தலாம், நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும். ஒரு வருஷத்தில் அந்தக் குழாய் வழியாக வரும் தொற்று 11 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. நர்ஸுக்கு வாய் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நண்பர், "அங்க நிர்வாகம் பின்னாடி நின்னுச்சு" என்றார். அதை மறுக்க முடியவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து வந்து உட்கார்ந்த ஒப்பந்த நர்ஸுகள் நினைவிருக்கிறதா? தேர்வு எழுதித் தேறி 2015ல் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாசம் 7,700 ரூபாய். நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ஹைகோர்ட் உத்தரவு வந்து கலைந்தது. ஆயிரக்கணக்கான பேரை மாவட்டம் மாவட்டமாகத் திரட்டிவந்த பெண்களுக்குத் தலைமைப் பண்பைப் பற்றி நாம் என்ன வகுப்பு எடுப்பது? பிரச்னை அது இல்லை. அடுத்த மாசம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மேனேஜ்மென்ட்டின் பீரோவில் கொடுத்துவிட்டு நிற்பவர், சீஃப் டாக்டரைப் பார்த்து "நிறுத்துங்க சார்" என்று எந்த தைரியத்தில் சொல்வார்? சிலபஸ் கமிட்டியால் தீர்க்க முடியாத பகுதி இது. லீடர்ஷிப் பாடம் எழுதுகிறவர்கள் இதற்கும் ஒரு பத்து மார்க் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

கமிட்டியால் தீர்க்க முடிகிற பகுதிக்கு ஒரு யோசனை. அந்தப் பத்து மார்க் கேள்வியை எழுத்துத் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் செமஸ்டரிலிருந்தே வைவாவில் வையுங்கள். பக்கத்துக் கட்டடத்தில் மெடிக்கல் காலேஜ் இருந்தால் ஒரு ஹவுஸ் சர்ஜனைக் கூட்டி வாருங்கள். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019லிருந்து பேச்சுப் பழக்கத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, அவருக்கும் பயிற்சி ஆனது போல இருக்கும். அவர் டபுள் டோஸ் எழுதட்டும். மாணவி மூன்று படியும் ஏறி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் எக்ஸாமினருக்குக் கேட்க வேண்டும். அவர் முறைத்தபிறகும் சொன்னால் இரண்டு மார்க் கூடுதல்.